இரண்டு சில்லிலும் சிலுவை

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது, என் நாத்தனார் கண்ணை மூடியபோது கைக்குழந்தையாக விட்டுப்போனவன். அவனையும் சேர்த்துத்தான் சொல்லுவேன், யாரும் திருத்த வேண்டாம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு வேறு என்ன அவசரம்? இதை வேறொருவர் கையில் கொடுத்து எழுதச் சொல்ல மனமில்லை. எழுதுகிறவர்கள் மெருகு போட்டுவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் இறந்து வருகிற மாதத்தோடு பத்து வருடம். கோயிலில் பூசை வைத்து, அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்களாம் என் மகன்மார். அதில் ஆண்டவர் ஐந்து மாதம் அவரோடு பேசின கதை வருகிறதாம். பெரார்கஞ்சில் எங்கள் கோயிலுக்கு வருகிற பழைய ஆட்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நான் துடைத்ததில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கும் வருகிறது. அந்தக் கதையில் நடந்ததில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதியை நான் இங்கே எழுதுகிறேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர் எங்களுக்கு. அவர் படகு ஆசாரி வேலை பழகினவர். கடல் தாண்டி இந்தத் தீவில், போர்ட் பிளேரில், அரசாங்கப் படகுப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் அவர் வந்தார், அடுத்த வருடம் என்னைக் கூட்டிக்கொண்டார். டாலிகஞ்சில் ஒரு பலகை வீடு, மேலே தகரம். மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை. அதனால் நாங்கள் அதிகம் சண்டை போட்டதில்லை என்று அவர் தமாஷாகச் சொல்லுவார்.

நல்ல மனிதர். அதையும் எழுதிவிடுகிறேன். குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. ஆனால் எதற்கும் சீட்டுப் போடுவார்.

எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் உண்டு. கல்யாணக் காரியம், படகு வாங்குகிற காரியம் என்றால் இரண்டு சீட்டு எழுதி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து, செபம் சொல்லி, பச்சைப்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வருடத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம் நடக்கும். இவரும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தார். நாங்கள் வந்த மூன்றாம் வருடம், மரம் ஏற்றிவரப் பட்டறை ஆட்களைப் படகில் அந்தப் பக்கத்துத் தீவுக்கு அனுப்பினார்கள். இவருக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. சீட்டுப் போட்டார். போகவேண்டாம் என்று வந்தது. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டார். அந்தப் படகு காற்றில் கவிழ்ந்தது. இரண்டு பேர் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவர் தன் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டார். ஆண்டவர் என் உயிரைக் காப்பாற்றினார், இனி நான் எதையும் தீர்மானிக்க மாட்டேன், அவரே தீர்மானிக்கட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஆனால் திரும்பாத அந்த இரண்டு பேர் வீட்டிலும் செபமாலை தொங்கியது. அவர்கள் பெண்சாதிமாரை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் என் நன்றி பாதியிலேயே நின்றுவிடும்.

அவர் ஆசாரி இல்லையா, காகிதச் சீட்டு அவருக்குப் போதவில்லை. தீப்பெட்டிக் குச்சிக்கு அறுக்கிற வெள்ளை மரத்தில் இரண்டு சில்லு இழைத்தார். கேரம் காய் அளவு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. ஒன்றில் பட்டறைப் பென்சிலால் சிலுவை போட்டார். மற்றதை வெறுமனே விட்டார். இரண்டையும் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடி, வீட்டுப் பீடத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், மெழுகுதிரி கொளுத்தி, மூன்று பரலோக மந்திரம் சொல்லுவார். கடைக்குட்டி எதுவோ அது டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சில்லை எடுக்கும். சிலுவை வந்தால் ஆண்டவருக்குச் சம்மதம். வெறும் சில்லு வந்தால் இல்லை. எடுத்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டு மூடிவிடுவார். உள்ளே தங்கின மற்ற சில்லை ஒருவரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதாகும். ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம். இது அவர் போட்ட சட்டம்.

கோழி வாங்கச் சீட்டு. கூரைத் தகரம் மாற்றச் சீட்டு. பெரியவனுக்கு மொட்டை போடச் சீட்டு. ஒரு முறை பக்கத்து வீட்டு வங்காள அக்கா, தீதி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாம் விட்டு வந்தவள், எனக்கு இங்கே கிடைத்த ஒரே சிநேகிதி. போகலாமா என்று சீட்டுப் போட்டார். வெறும் சில்லு வந்தது. அடுத்த வீட்டில் சங்கு ஊதுகிறார்கள், மீன் பொரிக்கிற வாசனை வருகிறது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அவளிடம் என்ன சொல்ல? காய்ச்சல் என்றேன். ஏழு பிள்ளைக்கும் சேர்த்தா காய்ச்சல் என்று இந்தியில் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையைக் குனிகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மூன்றாவது மகள் காரியம்.

இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. தொடையில் கையை ஊன்றி, காலை இழுத்துத்தான் நடப்பாள். முகத்தில் ஒரு வருத்தம் காட்டமாட்டாள். என் பிள்ளைதானே. அவளுக்கு ஒன்பது வயதானபோது, மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு டாக்டர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார். மெட்ராசுக்குக் கொண்டுபோனால் மடங்கிப்போன காலை அறுத்து நிமிர்த்தலாம், இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் போட்டுக் கையை ஊன்றாமல் நடப்பாள், ஆனால் வளர்ந்துவிட்டால் கஷ்டம், சீக்கிரம் போங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்து, தினம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். இங்கிலீஷ், ஒரு எழுத்துத் தெரியாது. பார்த்தாலே போதும்.

கப்பல் அப்போது இரண்டு வாரம், மூன்று வாரத்துக்கு ஒன்று. தேதி சொல்லி நாலு நாளில் புறப்பட்டுவிடும். முதல் கப்பல் அறிவித்தார்கள். அவர் சீட்டுப் போட்டார். வெறும் சில்லு. ஆண்டவருக்குச் சித்தமில்லை என்றார். சரி, ஏதோ புயல் இருக்கும் என்று மனதைத் தேற்றினேன். அந்தக் கப்பல் குளத்தில் போகிற மாதிரி போய்ச் சேர்ந்தது. இரண்டாம் கப்பல் வந்தது. கப்பல் வேறு, அதனால் காரியம் வேறு, மறுபடி கேட்கலாம் என்று அவரே வழி சொன்னார். மறுபடியும் வெறும் சில்லு.

அன்றைக்கு நான் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, புள்ள கால நிமித்துறதுக்கு ஆண்டவருக்கு என்ன சங்கடமாம்?"

"அவருக்கு எல்லாம் தெரியும் ஏளா. நமக்குத்தான் தெரியாது."

"நமக்குத் தெரிஞ்சத நாம செய்யாண்டாமா? டாக்டர் சொன்னது தெரியுதுல்லா?"

"டாக்டர் ஆண்டவரா?"

"டப்பா ஆண்டவரா?"

அவர் எழுந்தார். கைகழுவப் போய்விட்டார். கோபம் வந்தால் கைகழுவுவார்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து, மீன் கழுவுகிறபோது என்னிடம் கேட்டாள். "எம்மா, நான் எதுவும் பாவம் பண்ணிட்டேனா? ஆண்டவர் ஏன் எனக்கு மட்டும் வேண்டாங்காரு?"

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றேன். எனக்கு அவர்மேல் கோபமா, ஆண்டவர்மேல் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆண்டவரே, நீர் பேசுவதானால் எனக்கும் கேட்கிற மாதிரிப் பேசும், மரத்துண்டு வழியாகப் பேசாதேயும் என்றேன். கிணற்றில் வாளி மோதுகிற சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் கப்பலை அறிவித்த வெள்ளிக்கிழமை, அவர் பட்டறைக்குப் போன பிறகு, நான் பீடத்திலிருந்து டப்பாவை இறக்கினேன். அவர் காதில் செருகும் பென்சில் ஒன்று சட்டைப் பையில் கிடந்தது. வெறும் சில்லை எடுத்தேன். எனக்கு எழுத்துச் சரியாக வராது, ஆனால் சிலுவை போட எந்த வாத்தியார் வேண்டும்? நீளமாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அவருடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. கை நடுங்கியதா என்று கேட்டால், நடுங்கவில்லை. பிறகுதான் நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குட்டி கையை விட்டான். சிலுவை. அவர் தரையில் நெற்றி படும்படி விழுந்து அழுதார். அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மகளின் காலைப் பிடித்து முத்தம் கொடுத்தார். நான் மெழுகுதிரியை அணைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

மிச்சம் இருந்த இரண்டு நாளில் என்ன செய்ய முடியும்? கப்பல் அடித்தட்டில் பங்க் கிளாஸ் டிக்கெட், துணி, ஊறுகாய், அவல், மற்றப் பிள்ளைகளுக்குத் தீதியை ஏற்பாடு செய்தது. சங்குச் சத்தத்தைக் கதவு சாத்திக் கேட்டவளுடைய பிள்ளைகளுக்கு அவள்தான் ஐந்து மாதம் சோறு பார்த்தாள். அதை எந்தப் புத்தகத்திலும் போடமாட்டார்கள்.

கப்பல் ஏறி இரண்டாம் நாள், அடித்தட்டில், மகள் தலைமாட்டில் வாந்திச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திடுக்கென்றது. சில்லை அழிக்க மறந்துவிட்டேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். அவசரத்தில் விட்டுப்போயிற்று. இரண்டு சில்லிலும் சிலுவை. அங்கே அவர். எதைக் கேட்டாலும் ஆம் என்று சொல்லும் டப்பா. நடுக்கடல். என்ன செய்வேன்?

மெட்ராசில் இறங்கியதும் கடிதம் எழுதினேன். நானே எழுதினேன், வேறு யாரிடம் சொல்ல? நான் வருகிற வரைக்கும் சீட்டுப் போட வேண்டாம் என்று ஒரே வரி. காரணம் எழுத எனக்குத் துணிவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உன் கடிதம் கிடைத்தது, சீட்டுப் போடுவதை நிறுத்தலாமா, தொடரலாமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது, அதனால் தொடரலாமா என்று சீட்டுப் போட்டுக் கேட்டேன், சிலுவை வந்தது என்று எழுதியிருந்தார்.

அவர் கையெழுத்து எனக்குப் பிடிபடாது, அந்தக் கடிதத்தை வார்டில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். அவள் என்ன அக்கா, நல்ல செய்தியா என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

இரண்டு ஆபரேஷன். மாவுக்கட்டு. அப்புறம் சட்டம் வைத்த பூட்ஸ். மகள் முதலில் இரண்டு கம்பியைப் பிடித்து நடந்தாள், பிறகு ஒரு கம்பி, பிறகு சும்மா. கையைத் தொடையில் ஊன்றாமல் நிமிர்ந்து நடந்தபோதுதான் அவள் என் உயரத்துக்கு வரப்போகிறாள் என்று தெரிந்தது. ஒரு கால் அடி கனமாகவும், ஒரு கால் அடி லேசாகவும் விழும். டக், டப். அந்தச் சத்தத்தை வராந்தாவில் கேட்டபோது, நான் செய்தது தப்பானாலும் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

போர்ட் பிளேரில் இறங்கினோம். ஜெட்டியில் அவர் நின்றார். வெயிலில் கறுத்து, மெலிந்து, ஆனால் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மகள் நடந்து வருவதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைத் தூக்கி ஒரு லாரியில் வைத்தார். டாலிகஞ்சுக்கு எதற்கு லாரி என்று கேட்டேன்.

"டாலிகஞ்ச் இல்ல ஏளா. நாம இப்போ பெரார்கஞ்ச். புள்ளைகள நேத்துத்தான் தீதிகிட்டருந்து கூட்டிட்டுப் போனேன்."

"வேலை?"

"வேலைய விட்டாச்சு. நிலம் எடுத்திருக்கேன். வயலும் மேடும். நீ போனதுலருந்து ஆண்டவர் ஒரு தரங்கூட வேண்டாம்னு சொல்லல. எதக் கேட்டாலும் சிலுவதான். அஞ்சு மாசம்."

பெர்மனென்ட் வேலை. அதற்காகத்தான் கடல் தாண்டி வந்தோம். மெயின்லேண்டுக்குத் திரும்புகிற ஒருவருடைய வயலைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். பால் கறக்காத ஒரு மாடு வாங்கியிருக்கிறார். தெலுங்குக்காரர்களுக்கு டிங்கிப் படகு கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்கக் கேட்க, என்னுடைய கை போட்ட சிலுவை சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கோயிலில் எழுந்து நின்று சாட்சியும் சொல்லிவிட்டார். ஊரே அவரை அதிசயமாகப் பார்க்கிறது.

லாரி போய் ரோட்டில் நின்றது. அங்கிருந்து வீட்டுக்கு வயல் வரப்பில் அரை மைல். மழை நின்ற சமயம், சேறு கணுக்கால் மட்டும். மகள் இறங்கி ஓர் அடி வைத்தாள். பூட்ஸ் உள்ளே போயிற்று. இழுத்தாள். வரவில்லை. நடக்க வைக்கக் கடல் தாண்டிக் கூட்டிப்போனேன். வந்தால் நடக்க வழி இல்லை. அவர் சிரித்துக்கொண்டே அவளை முதுகில் தூக்கிக்கொண்டார். அவளோ மலங்க மலங்க விழித்தாள்.

வீட்டுக்குள் போனதும் நான் முதலில் செய்த வேலை டப்பாவைத் திறந்து ஒரு சில்லை ஈரத்துணியால் துடைத்ததுதான். எது என்னுடையது என்று தெரியவில்லை. கையில் வந்ததைத் துடைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஏதோ கேட்டார், வெறும் சில்லு வந்தது. அவர் முகம் செத்துவிட்டது. ஐந்து மாதம் பேசினவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் என்ன பாவம் செய்தேன் என்று வெள்ளிக்கிழமைகளில் கஞ்சிகூடக் குடிக்காமல் கிடந்தார். நான் கஞ்சியைக் கொண்டுபோய் வைப்பேன், எடுத்துவருவேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்?

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாதருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். சிரித்தாரோ என்னவோ. அபராதமாகப் புருஷனிடம் போய்ச் சொல் என்றார். இது கனமான அபராதம், ஐம்பத்துமூன்று மணி செபமாலை கொடுங்கள், பத்துத் தரம் வேண்டுமானாலும் சொல்லுகிறேன் என்றேன். முடியாது என்றார். நான் அதைச் செய்யாமல் ஒரு வருடத்துக்கு மேல் காலம் கடத்தினேன். அபராதம் தீர்க்காமல் நற்கருணை வாங்கக் கூடாதே, அதனால் எழுந்திருக்காமல் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருப்பேன். முட்டுவலி என்று மற்றவர்களுக்குச் சொன்னேன்.

அந்த ஒரு வருடமும் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் மகளை வரப்பில் முதுகில் தூக்கிப்போய் ரோட்டில் விடுவார். அங்கிருந்து அவள் நடப்பாள். அவளுக்குப் பதினொன்றாயிற்று. முதுகில் ஏற வெட்கப்பட்டாள். மழை நாட்களில் போகாமல் நின்றாள். மழை நாள் போக மிச்சம் எத்தனை நாள்? இரும்பு துருப்பிடித்தது. பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் பழையபடி தொடையில் கையை ஊன்றி நடக்க ஆரம்பித்தாள். அதை நான் பார்த்தேன்.

டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற போர்டிங்கில் இடம் கேட்டேன். ஜூன் மாதம் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். தார் ரோடு, சிமெண்ட் வராந்தா. அவரிடம் சொன்னேன். அவருக்கும் ஆசைதான். ஆனால் எழுந்து மெழுகுதிரியைத் தேடினார்.

வெறும் சில்லு வந்தது.

பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மகள் சில்லைப் பார்த்தாள். தொடையில் கையை ஊன்றி மாட்டுத் தொழுவத்துக்குப் போனாள். அவர் டப்பாவை மூடப்போனார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளை வெளியே போகச் சொன்னேன்.

"மெட்ராசுக்குப் போவச் சொன்னது ஆண்டவர் இல்ல. ரெண்டுலயும் நான்தான் சிலுவ போட்டேன். அழிக்காம கப்பல் ஏறிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். கைகழுவப் போகவில்லை. நேராக வெளியே போய், பாதி கட்டி நின்ற டிங்கியின் பக்கத்தில் உட்கார்ந்து மரம் செதுக்குகிற வாய்ச்சியை எடுத்தார். மூன்று நாள் அந்த வாய்ச்சிச் சத்தம்தான் எனக்குப் பதில். சாப்பாட்டை டிங்கி அருகே கொண்டுபோய் வைத்தேன். சாப்பிட்டார். மறுபடி செதுக்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பிப் பேச எத்தனை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

நாலாம் நாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அப்போ அந்த அஞ்சு மாசம் ஆண்டவர் எங்கிட்டப் பேசவே இல்லையா ஏளா?"

எனக்குத் தெரியாது என்றேன். பிறகு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கால டாக்டர் நிமித்துனாரு. டாக்டர ஆண்டவர் செஞ்சாரு. டப்பாவ நீங்க செஞ்சிய. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

உள்ளே போனார். பிறகு டப்பாவைக் கொண்டுவந்து என் அருகே தரையில் வைத்தார். "அப்போ போர்டிங் காரியத்த நீயே சொல்லு. நீ சொல்லுதபடி செய்யுதேன்."

இத்தனை வருடம் எதற்காகச் சண்டை போட்டேனோ அது என் மடியில் வந்து விழுந்தது. சந்தோஷப்பட்டேனா? வயல் மேட்டில் போய் நின்றுகொண்டு நடுங்கினேன். சொன்னேனே, பிறகு நடுங்கியது என்று, இதுதான். போர்டிங்கில் பிள்ளையை யாராவது கேலி செய்தால்? அங்கே காய்ச்சல் வந்தால்? இரவல் வயல், கட்டி முடியாத டிங்கி, இதற்கு நடுவில் இவளையும் பிரிய வேண்டுமா? ஆண்டவரே, ஒரு வார்த்தை சொல்லும் என்று கேட்டேன். கொக்கு இறங்கியது, ஏறியது. நாற்று காற்றில் ஆடியது. வேறு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் டப்பாவை எடுத்துச் சீட்டுப் போட எனக்கே ஆசை வந்தது. அவருடைய பயம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிச்சல்தான் வந்தது, முன்னாலேயே புரிந்திருக்கக் கூடாதா என்று.

போகட்டும் என்று சொன்னேன். சத்தமில்லாமல் சொன்னேன். நான் தப்பாகச் சொன்னாலும் நீர் அங்கேயும் இருப்பீர்தானே என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தேன்.

அவள் போர்டிங் வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். இரண்டு வருடம் விடுமுறைக்கு வந்தால் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அப்பாவோடுதான் பேசுவாள். பிறகு படித்தாள், டைப் படித்தாள், அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது நான் சொன்ன வார்த்தையாலா, காலாலா, அவள் இஷ்டமா, தெரியாது. டவுன் பக்கம் பத்துபஸ்தியில் தன் சொந்த வீட்டில் இருக்கிறாள். இங்கே அவர் நட்ட பாக்கு மரம் பிற்பாடு எங்களுக்குச் சோறு போட்டது என்பதும் உண்மை. அதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்ளுகிறார்கள். பார்த்தாயா, ஆண்டவர் வழி நடத்தினார் என்கிறார்கள். நடத்தியிருப்பார். என் பென்சில் கோட்டை வைத்தும் நடத்தத் தெரிந்தவர் அவர். ஆனால் அந்த ஐந்து மாதம் சரி என்று சொன்னது அவர் என்று அச்சில் போட்டால் அது பொய். அவர் என்னிடம் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. எண்பத்து நாலு வயதிலும் சொல்லவில்லை. நானும் தினம் கேட்காமல் விடவில்லை.

வீட்டுக்காரர் அதற்குப் பிறகு அந்தச் சாட்சியைச் சொல்லவே இல்லை. சொல்லச் சொல்லிக் கேட்டால் என்னைப் பார்ப்பார், பிறகு இருமுவார். டப்பாவில் தன் ஆணிகளைப் போட்டு வைத்தார். மறுபடி எதற்கும் சீட்டுப் போடவில்லை. அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தார். அதுவும் ஒரு தொல்லைதான்.

மூத்த மகன் சொல்லுகிறான், இதையெல்லாம் எதற்கு அம்மா இப்போது, அப்பாவுக்கு மரியாதைக் குறைவு என்று. என்னை நம்பி டப்பாவைத் தரையில் வைத்த அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு மரியாதையே வந்தது. அதைப் போடட்டும் புத்தகத்தில்.

ஒன்று மட்டும் நான் இதுவரை செய்யவில்லை. மகளுக்கு இது தெரியாது. தன் காலை நிமிர்த்த ஆண்டவர் மூன்றாம் கப்பலில் மனமிரங்கினார் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் இரண்டு தரம் ஏன் இரங்கவில்லை என்று அவள் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். மீன் கழுவுகிற இடத்தில் கேட்டவள்தானே. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் எழுந்துபோனேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பத்துபஸ்தியிலிருந்து அவள் பஸ்ஸில் வருகிற நாள். இப்போது வாசல் வரை சிமெண்ட் ரோடு. டக், டப் என்று கேட்கிறது, கேட்டைத் திறக்கிறாள்.

ஏ பேத்தி, அந்தப் போனை வைத்துவிட்டு இங்கே வா. இந்த நோட்டைப் பிடி. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், உனக்குப் புரியும். உன் அத்தை வந்து உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும். பிறகு முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி. நான் தப்பாக எழுதியிருந்தாலும் திருத்தாதே, இருக்கிறபடியே வாசி.